நாற்பத்தெட்டாம் ஜோடி

ஜனவரி 11

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மச்சான் எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். என் முதுகு மட்டும் சௌக்கியமில்லை, அதுவும் குனியும்போதுதான் தன்னை ஞாபகப்படுத்துகிறது. நீங்களும் தங்கச்சியும் வாலுப்பெண்ணும் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்ததாகத் தங்கச்சி எழுதியிருந்தாள். ரயிலில் ஜன்னலோரத்தைக் கடைசிவரை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லையாமே அந்த வாலு! என் மருமகள் என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டாம்.

உங்கள் மாவு ஆலைக்கான சாமான் முடிந்து நேற்று லாரியில் ஏறிவிட்டது. இரண்டு லிஃப்டுக்கும் இரண்டு ஜோடி பெவல் கியர், ஜோடிக்கு ஒரு சின்னப் பினியன், ஒரு பெரிய சக்கரம், நாலு மரப்பெட்டியில். ஜோடி எண் 47, 48. நானே வெட்டி, நானே எண்ணைக் கீறினேன்.

இந்த முறை நேர்ப்பல் போதாதா என்று உங்கள் மேனேஜர் கேட்டாராமே. அவரிடம் சொல்லுங்கள்: நேர்ப்பல்லில் ஒரு பல் முழுசாக வந்து இன்னொன்றின் மேல் மோதும். கையால் திருப்புகிற வால்வு, மெதுவாக ஆடுகிற சல்லடை, இவற்றுக்கு அது தாராளம். ஒரே அளவில் இரண்டை வைத்தால் அது மைட்டர். வேகத்தை மாற்றாமல் மூலை திருப்பிக் கொடுக்கும், அவ்வளவுதான் அதன் உத்தியோகம். லாரியின் பின் அச்சில் இருப்பது ஹைப்பாய்டு, அதில் பினியன் நடுவைவிட்டுத் தள்ளி உட்கார்ந்திருக்கும். பன்னிரண்டு மூட்டையை நாலு மாடி தூக்க வேண்டுமென்றால் இப்போது இருப்பதைப்போல வளைந்த பல்தான் சரி. ஒரு பல் விடுமுன் அடுத்த பல் பிடித்துக்கொள்ளும். பாரம் ஒரே பல்லின் தலையில் விழாது.

உங்களுக்குத் தெரியாததில்லை, இருந்தாலும் என் வாய் சும்மா இருக்காது. இந்த ஜோடிகளை ஒன்றோடொன்று ஓடவிட்டு, பொடி போட்டுத் தேய்த்துப் பழக்கி அனுப்பியிருக்கிறோம். 47 பினியன் 47 சக்கரத்தோடுதான் ஓடும். பினியன்தானே தேய்ந்திருக்கிறது, பழைய பெரிய சக்கரம் நன்றாகத்தானே இருக்கிறது என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். மாட்டியதும் பல்லில் சிவப்பு மை தடவிச் சுற்றிவிட்டு, பதிவைத் தாளில் ஒற்றி எனக்கு அனுப்புங்கள். மை பல்லின் நடுவில் விழ வேண்டும். ஓரத்தில் விழுந்தால் லிஃப்டை ஓட்டவே கூடாது.

தங்கச்சியை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லுங்கள்.

மச்சான்


பிப்ரவரி 9

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கே மூவரும் நலம். உங்கள் முதுகுக்கு ஒரு எண்ணெய்க் குப்பி அனுப்பியிருக்கிறாள் உங்கள் தங்கை. தடவிக்கொள்ளுங்கள், கியர் பாக்ஸில் ஊற்றிவிடாதீர்கள்.

பெட்டிகள் ஒரு கீறல் இல்லாமல் வந்தன. போன ஞாயிறு முதல் லிஃப்ட், இந்த ஞாயிறு இரண்டாவது. ஒவ்வொன்றையும் ஒரே ஷிஃப்டில் முடித்துவிட்டேன். திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு மூட்டை ஏற வேண்டும் என்பது மேனேஜர் உத்தரவு. ஐந்தே முக்காலுக்கே சாவியைக் கையில் கொடுத்தேன். மனுஷன் என் முதுகில் தட்டினார். இந்தப் பத்து வருஷத்தில் அவர் யார் முதுகிலும் தட்டி நான் பார்த்ததில்லை.

முதல் லிஃப்டை ஓட்டுகிறவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் நெட்டையர். ஆலையில் அவர் தலை இடிக்காத நிலைப்படி கிடையாது. "என்ன ஃபிட்டரே, முன்னெல்லாம் இது உறுமுற உறுமல வச்சே எந்த மாடின்னு கண்ண மூடிக்கிட்டு சொல்லுவேன். இப்ப உறுமல் போய் முனகலா ஆயிடுச்சே, எப்படி எண்ணுறது?" என்றார். எல்லோரும் சிரித்தோம்.

தாளைப் பிறகு அனுப்புகிறேன்.

மாப்பிள்ளை


பிப்ரவரி 20

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

எண்ணெய் வந்தது. முதுகைவிட மூக்குக்குத்தான் வேலை அதிகம், அப்படியொரு வாசனை. தங்கச்சியிடம் சொல்லிவிடாதீர்கள்.

ஒரே ஷிஃப்டா! அடேயப்பா! பெரிய சக்கரத்தைக் கழற்ற வேண்டுமென்றால் கயிற்றைப் பிரிக்க வேண்டும், கயிறு சுற்றும் டிரம்மின் அச்சையே உருவ வேண்டும். எங்கள் ஆட்களிடம் விட்டிருந்தால் இரண்டு முழு நாள் ஆகியிருக்கும். என் மாப்பிள்ளை ஒரே ஷிஃப்டில் முடித்தார் என்று பட்டறை முழுக்கச் சொல்லிவிட்டேன். கொஞ்சம் அலட்டிக்கொண்டேன் என்றும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் நெட்டையர் சொன்ன முனகல் எனக்குப் பிடிக்கவில்லை. புது ஜோடி முனகக்கூடாது. அந்தத் தாளை மறக்காமல் அனுப்புங்கள்.

மச்சான்


மார்ச் 24

மச்சானுக்கு,

நாங்கள் மூவரும் நலமாக இருக்கிறோம். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை முதல் லிஃப்ட் விழுந்துவிட்டது. 47 பினியனின் பல் உடைந்து டிரம் தனியாகக் கழன்று ஓடியது. பிரேக் மோட்டார் பக்கம் இருப்பதால் அது பிடித்தும் பயனில்லை. பன்னிரண்டு மூட்டையோடு இரண்டாம் மாடியிலிருந்து வந்து விழுந்தது. கீழே வாசலில் நெட்டையர் நின்றிருந்தார். வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

உடைந்த பினியனை உறையில் போட்டு, கியர் பாக்ஸை மூடி, இரண்டுக்கும் சீல் வைத்திருக்கிறார்கள். கியர் வெட்டியதில் கோளாறு என்று மேனேஜர் உங்கள் பட்டறைக்கு எழுதி அனுப்பியிருக்கிறார். மே 20 விசாரணை.

வேறு என்ன எழுதுவதென்று தெரியவில்லை.

மாப்பிள்ளை


மார்ச் 31

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்த மனிதருக்குப் பிள்ளைகள் உண்டா? எத்தனை பேர்?

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 47ஐ உலையில் போட்டுக் கடினப்படுத்தியது ஒரு சனிக்கிழமை. நீங்கள் ஊருக்குக் கிளம்பிய அதே சனிக்கிழமை. உங்களை ரயிலேற்றிவிட வந்தேனே, அந்த அரை மணி நேரம் உலையைப் பக்கத்து ஆளிடம் விட்டுவிட்டு வந்தேன். சூடு ஏறிப்போயிருக்கலாம். பல் கண்ணாடி மாதிரி ஆகியிருக்கலாம். மருமகள் ஜன்னல் வழியாகக் கையாட்டியதைப் பார்த்துக்கொண்டு நான் சிரித்துக்கொண்டு நின்றேன், மாப்பிள்ளை. அங்கே ஒரு மனிதரின் கால் போயிருக்கிறது.

48 திங்கட்கிழமை உலையில் போனது. அன்றைக்குக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு நானே நின்றேன். ஆகவே இரண்டாவது லிஃப்டைப் பற்றி யாரும் பயப்பட வேண்டாம். உங்கள் மேனேஜர் கேட்டார் என்று, 48 பத்திரம் என எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன்.

நெட்டையரைப் போய்ப் பாருங்கள்.

மச்சான்


ஏப்ரல் 26

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

பதிலே காணோம். தங்கச்சிக்கும் மருமகளுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லையே?

என்னை மெஷினிலிருந்து எடுத்துவிட்டார்கள். இப்போது பெட்டிக்கு ஆணி அடிக்கிற இடத்தில் இருக்கிறேன். யாரும் ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை, அதுதான் தாங்கவில்லை. திட்டினால் தேவலை. இருபத்திரண்டு வருஷம் நான் நின்ற இடத்தில் வேறொருவர் நிற்கிறார், சந்தேகம் கேட்க என்னிடம் வருகிறார், சொல்லிக்கொடுக்கிறேன்.

விசாரணைக்கு முன்பே, தவறு என் உலையில்தான் என்று எழுதிக் கொடுத்துவிடலாமென்று இருக்கிறேன். அந்த மனிதரை இன்னும் அலைக்கழிக்க வேண்டாம். ஆனால் அதற்கு முன் எனக்கு அந்தப் பதிவுத் தாள் வேண்டும். மை நடுவில்தானே விழுந்தது? அதைப் பார்த்துவிட்டால், வெட்டியது சரி, உலைதான் தப்பு என்று எனக்குத் தெளிவாகிவிடும். தாள் தொலைந்திருந்தால் மை எங்கே விழுந்தது என்று ஒரு வரி எழுதினாலும் போதும்.

மச்சான்


மே 5

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கே வெயில் அதிகம். உங்கள் மருமகளுக்கு மேல்பல் ஒன்று விழுந்து, சிரித்தால் ஜன்னல் திறந்த மாதிரி இருக்கிறது. உங்கள் தங்கை நலம். பின்னறைக் குழாய் ஒழுகுகிறது, ஆள் வரச் சொல்லியிருக்கிறேன்.

நெட்டையரைத் தினமும் போய்ப் பார்க்கிறேன். அவருக்கு ஒரு பையன், ஒரு பெண். கேட்டிருந்தீர்கள்.

நீங்கள் எதையும் எழுதிக் கொடுக்காதீர்கள். அவசரப்பட வேண்டாம்.

மாப்பிள்ளை


மே 12

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய்? அண்ணி சாப்பாடு சரியாகப் போடுகிறாளா, இல்லை நீதான் சாப்பிடாமல் எழுந்துவிடுகிறாயா? உன்னை மெஷினிலிருந்து எடுத்த விஷயத்தை அண்ணி எழுதித்தான் தெரிந்துகொண்டேன். இவர் என்னிடம் மூச்சுவிடவில்லை. கேட்டதற்கு, "உனக்கெதுக்கு அதெல்லாம்?" என்று எரிந்து விழுந்தார். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் என்னிடம் குரல் உயர்த்தாத மனுஷன்.

அண்ணா, இவர் சரியாக இல்லை. பாதிச் சோற்றில் கையைக் கழுவிவிடுகிறார். ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்தால் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிடுகிறார். குழந்தை கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினாலும் ஏனென்று கேட்பதில்லை.

இன்னொன்று. குழாய் ஒழுகுகிறதென்று பின்னறைச் சாமானையெல்லாம் இழுத்துப் போட்டேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் சாக்குப் போட்டு மூடி இரண்டு மரப்பெட்டி. அம்மாடி, என்ன கனம்! ஈரம் பட்டுவிட்டதோ என்று திறந்து பார்த்தேன். பெட்டிக்கொரு பெரிய பல்சக்கரம், எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி, புதுக் கருக்கு மாறாமல். பின்பக்கம் ஒன்றில் 47, இன்னொன்றில் 48. உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா? ஏழுக்குக் குறுக்கே கோடு போடுகிறவன் உலகத்தில் நீ ஒருத்தன்தான்.

நீ அனுப்பியது எங்கள் வீட்டுப் பின்னறையில் ஏன் இருக்கிறது? இவரிடம் கேட்கப் பயமாக இருக்கிறது, அதனால் உன்னிடம் கேட்கிறேன்.

உன் தங்கை


மே 16. தந்தி

இரண்டாம் லிஃப்டை இந்த நிமிடமே நிறுத்தவும். கடிதம் பின்னால். மச்சான்.


மே 16

மாப்பிள்ளைக்கு,

தந்தியை வீட்டு விலாசத்துக்குத்தான் கொடுத்தேன். ஆலையில் வேறு யாராவது பிரித்துப் படித்துவிடக் கூடாது என்பதற்காக. உங்களுக்காக அந்த ஒன்றைச் செய்தேன். இனி நான் எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தங்கச்சி பெட்டிகளைப் பார்த்துவிட்டாள். என்னவென்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். பினியனை மட்டும் மாற்றிவிட்டு, பழைய பெரிய சக்கரத்தை அப்படியே விட்டிருக்கிறீர்கள். ஒரே ஷிஃப்ட் என்று நீங்கள் எழுதியபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். பெருமையில் கண் மறைத்துவிட்டது.

எனக்குக் கோபம் வருகிறது. இரண்டு மாதமாக என் உலையை நான் சந்தேகப்பட்டேன். உங்களை வழியனுப்ப வந்த அந்த அரை மணி நேரத்தை நினைத்து நினைத்துச் செத்தேன். அதைப் படித்துவிட்டு நீங்கள் எனக்கு மருமகளின் பல் விழுந்த கதை எழுதினீர்கள்.

அதைக்கூட விடுங்கள். என் பெயர் போனால் போகட்டும். ஒரு பெட்டிதான் இருந்தது என்று அவள் எழுதியிருந்தால் நான் வாயைத் திறந்திருக்கமாட்டேனோ என்னவோ, அவள் குடும்பமாயிற்றே என்று. அவள் இரண்டு பெட்டி என்று எழுதியிருக்கிறாள், மாப்பிள்ளை! முதல் லிஃப்ட் நின்றுபோய் ஆலையின் மூட்டை முழுவதும் இப்போது இரண்டாவதில் ஏறுகிறது. அது பத்திரமென்று நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அதன் கீழேயும் ஒரு ஆள் நிற்கிறார்.

விசாரணையில் நான் போய்ச் சொல்லமாட்டேன். நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

மச்சான்


மே 30

அன்புள்ள மச்சானுக்கு,

எந்த முகத்தோடு எழுதுவதென்று தெரியவில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

தந்தியை உங்கள் தங்கைதான் வாங்கினாள். துணி துவைத்துக்கொண்டிருந்த ஈரக்கையோடு ஆலை வாசல்வரை ஓடிவந்தாள், செருப்புக்கூட இல்லை. "என்னங்க இது, அண்ணன் ஏன் இப்படி அனுப்பியிருக்கு?" என்று நீட்டினாள். லிஃப்ட் அப்போது மூன்றாம் மாடியில் நின்றது. அங்கேயே மூட்டைகளை இறக்கச் சொன்னேன், ஆட்களைப் படி வழியாக வரச் சொன்னேன், வெறும் லிஃப்டைக் கையால் கீழே இறக்கினேன். கியர் பாக்ஸைத் திறந்து பார்த்தேன். பினியனில் மூன்று பல்லின் ஓரத்தில் மயிரிழை விரிசல். எத்தனை நாள் தாங்கியிருக்கும் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அங்கேயே அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திரும்பி வீட்டுக்கு நடந்தாள். நான் மேனேஜரிடம் போனேன். "ரெண்டு நாள் வேணும்னு நீ கேட்டியா? கேட்டிருந்தா நான் குடுக்கமாட்டேன்னா சொன்னேன்?" என்று கத்தினார். கொடுத்திருப்பாரோ மாட்டாரோ, நான் கேட்கவில்லை, மச்சான். அதுதான் உண்மை. ஒரே ஷிஃப்டில் முடிக்கிற ஃபிட்டர் என்ற பெயர் எனக்குப் பிடித்திருந்தது. மாட்டிய அன்றே தாளில் ஒற்றிப் பார்த்தேன். மை ஓரத்தில்தான் விழுந்தது. ஓட ஓடப் பழகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு தாளைக் கிழித்துப் போட்டேன்.

விசாரணையில் எல்லாவற்றையும் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். உங்கள் உலையில் தவறில்லை என்று தனியாக எழுதச் சொன்னேன், எழுதிக்கொண்டார்கள். நகலை உங்கள் பட்டறைக்கு அனுப்புவார்கள். எனக்கு வேலை போய்விட்டது. புது ஜோடிகளை ஒழுங்காக மாட்டிக்கொடுக்கும்வரை மட்டும் இருக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

நெட்டையரிடம் நானே போய்ச் சொன்னேன். "ரெண்டாவது லிஃப்ட்ட இப்ப யாரு ஓட்டுறா?" என்று கேட்டார். "யாருமில்ல, நிறுத்தியாச்சு" என்றேன். சரி என்பதுபோலத் தலையசைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு என்னோடு பேசுவதில்லை. தினமும் போகிறேன்.

நீங்கள் என்னை மன்னிக்க வேண்டுமென்று கேட்கவில்லை.

மாப்பிள்ளை


ஜூலை 3

மாப்பிள்ளைக்கு,

இங்கே நலம். நகல் வந்தது. மறுநாளே என்னை மெஷினுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். அதில் நின்றவர் எண்ணெய்த் துணியை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கினார். அழுகை வந்துவிட்டது, முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

புது ஜோடிகள் 61, 62. அனுப்பிவிட்டேன்.

கோபம் போய்விட்டது என்று பொய் எழுதமாட்டேன். ஆனால் தங்கச்சி வீட்டுக்கு நான் எழுதுகிற கடிதத்தில் உங்கள் பெயர் இல்லாமல் இருக்காது. பட்டறையில் உங்களுக்கு வேலை கேட்டிருக்கிறேன். அசெம்பிளியில் ஒரு இடம் காலியாகலாம். வந்தால், தாள் ஒற்றுகிற வேலைதான் தருவேன்.

நெட்டையர் பேசாவிட்டாலும் போவதை நிறுத்தாதீர்கள்.

மச்சான்


ஆகஸ்ட் 14

அன்புள்ள மச்சானுக்கு,

நாங்கள் நலம். உங்கள் தங்கை இரண்டு வாரமாக என்னோடு பேசுகிறாள். பேசுவதென்றால், உப்பு எங்கே, குடை எங்கே என்ற அளவில்தான். அதுவே எனக்குப் பெரிது.

இரண்டு லிஃப்டும் முடிந்தன. ஒவ்வொன்றுக்கும் இரண்டு நாள், கயிறு பிரித்து, டிரம் அச்சை உருவி. பதிவுத் தாள்கள் இரண்டையும் இத்துடன் வைத்திருக்கிறேன். மை நடுவில் விழுந்ததாக என் கண்ணுக்குத் தெரிகிறது. நீங்கள் பார்த்து எழுதும்வரை மூட்டை ஏற்றக்கூடாது என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டேன். முறைத்தார், ஆனால் சரியென்றார்.

நேற்று வெறும் லிஃப்டை ஓட்டிப் பார்த்தோம். நெட்டையர் மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு, கட்டையை ஊன்றி வந்திருந்தார். யார் சொன்னார்களோ தெரியாது, நான் கூப்பிடவில்லை. முதல் லிஃப்டின் வாசலில், அன்றைக்கு நின்ற அதே இடத்தில் போய் நின்றார். ஓட்டு என்று கையைக் காட்டினார். பொத்தானை அழுத்தினேன். லிஃப்ட் மேலே போனது. அவர் கண்ணை மூடிக்கொண்டு, தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். உறுமல் இல்லை, முனகல் இல்லை, ஒன்றுமில்லை. கட்டையின் மேல் அவர் விரல்கள் எண்ணத் தொடங்கி, ஒன்றிலேயே நின்றுவிட்டன.

கண்ணைத் திறக்காமலே, "எந்த மாடி?" என்று கேட்டார்.

"நாலு" என்றேன்.

மாப்பிள்ளை